காயாத மை: வடகடல் ஓரத்தில் செய்த வாழ்த்து அட்டைகள் குறித்த நிகழ்வு ஆய்வு

மார்கழி பிறந்த மூன்றாம் நாள், இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் இடையே வடகடலை, அதாவது பாக் விரிகுடாவை, பார்த்து அமைந்த ஒரு மீனவர் குடியிருப்புக்கு மதுரையிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. அங்குள்ள ஐந்து பெண்கள் ரப்பர் அச்சால் ஒவ்வொன்றாகப் பதித்துச் செய்த 96 பொங்கல் வாழ்த்து அட்டைகள் அதற்குள் இருந்தன. 61 அட்டைகளில் மை இழுகிக் கோடுகள் கலைந்திருந்தன; அட்டையை மூடியிருந்த கண்ணாடித்தாள் உறையின் உட்புறத்தில் அதே படம் தலைகீழ்ச் சாயலாக ஒட்டிக் கிடந்தது. அட்டைகளைச் செய்யச் சொன்ன மதுரைக்காரர் கேட்டிருந்தது மொத்தம் 150. பொங்கலுக்கு முன் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே அவற்றை அஞ்சலில் சேர்த்தாக வேண்டும்.

நான் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அழிப்பான் ரப்பரில் அச்சு செதுக்கும் வேலையை இந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் என்னை அழைத்திருந்தார்கள். அதன்பின் நாங்கள் கண்டதையும், தவறாக எண்ணியதையும், மாற்றிச் செய்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். கடலோரத்தில் அமர்ந்து தாளும் மையும் கையாளும் எவருக்கும் இதே தொல்லை நேரக்கூடும் என்பதே இதை எழுதக் காரணம்.

பணி நடந்து வந்த விதம்

படங்களுக்கான அச்சுகளைப் பெண்களே செதுக்கினார்கள். மென்மையான பென்சிலால் மெல்லிய தாளில் வரைந்து, அந்தத் தாளை அழிப்பான் ரப்பரின்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால், படம் இடவலமாகத் திரும்பி ரப்பரில் ஏறும். செதுக்கிப் பதித்ததும் மீண்டும் நேராகிவிடும். கத்தியின் நுனி கோட்டுக்கு வெளிப்பக்கம் நோக்கி இருக்கும்படி சாய்த்து வெட்ட வேண்டும். கோட்டின் அடியைக் குடைந்துவிட்டால் நாலைந்து பதிப்பிலேயே கோடு மடிந்து ஒடியும். எழுத்துகளுக்கு மட்டும் சீல் கடையை நாடினார்கள். அலுவலக முத்திரை செய்வதுபோல, ஒளி பட்டால் இறுகும் பாலிமரில் ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று செய்து வாங்கினார்கள். எழுத்தின் உயரம் குறைந்த முதல் அச்சில் ‘ழ’வின் வளைவும் மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் மை அடைத்துக்கொண்டன, அதனால் அதைப் பெரிதாக்கி மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது.

இடவலம் திரும்புவதைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. தொடக்க நாள்களில் ஒருவர் வீட்டிலிருந்த சாதாரணச் சங்கைப் பார்த்து, தாளில் வரையாமல் நேரே ரப்பரிலேயே செதுக்கிவிட்டார். கூம்பு மேலே இருக்கும்படி பிடித்தால் சாதாரணச் சங்கின் வாய் வலப்புறம் திறக்கும். கிடைத்தற்கரிய வலம்புரியின் வாய் இடப்புறம் திறக்கும். பதித்துப் பார்த்தபோது சாதாரணச் சங்கு வலம்புரியாகி இருந்தது. சங்கு குளிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் அதைச் சொன்னார். மங்கலத்துக்கு அதுவே நல்லது என்று எல்லோரும் ஒப்பி, அந்த அச்சை வைத்துக்கொண்டார்கள். ஆவுளியா எனப்படும் கடல் பசுவின் வால் விஷயத்தில் அப்படி விடவில்லை. மீன் வாலைப்போல நெட்டுக்குத்தாக வரைந்திருந்ததை அழித்து, உயிருள்ள ஆவுளியாவைப் போலக் கிடைமட்டமாகப் பிளந்த வாலாகத் திருத்திய பிறகே செதுக்கினார்கள். இந்தக் கண்கூர்மையை நான் கற்றுக்கொடுக்கவில்லை. அது அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

அட்டை 300 ஜிஎஸ்எம் தாள், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளது. ஏ5 அளவில் வெட்டி, தீர்ந்துபோன பேனா ரீஃபிலால் அளவுகோலை ஒட்டிக் கீறி, ஏ6 ஆக மடித்தார்கள். இந்த அளவைத் தேர்ந்ததற்குக் காரணம் எடை. ஏ5 தாள் ஒன்று சுமார் 9.3 கிராம் இருக்கும். உறையும் அஞ்சல் தலையும் சேர்ந்தாலும் கடிதத்துக்கான முதல் 20 கிராம் வரம்புக்குள் அடங்கும். ஏ4 தாளை மடித்துச் செய்தால் அட்டை மட்டுமே 18.7 கிராம் ஆகி, உறை சேர்ந்ததும் அடுத்த கட்டணத்துக்குத் தாவிவிடும்.

முதலில் எழுந்த ஐயம்

பெட்டியைத் திறந்ததும் ஐவரில் இளையவர், “நாந்தான் சார் அழுத்திப் பதிச்சுட்டேன்” என்று சொன்னார். அச்சை அழுத்திப் பதித்தால் மை கோட்டின் ஓரத்துக்கு வழியும் என்பது உண்மை. ஆகவே நானும் அதை நம்பினேன். ஒரு முழுநாள் அவருக்குக் கை பழக்குவதிலேயே கழிந்தது. ஸ்டாம்ப் பேடில் அச்சை அமுக்காமல் மெல்லத் தட்டி மை ஏற்றுவது, தாளின் அடியில் பழைய செருப்பு ரப்பர் அட்டையை மெத்தைபோல வைப்பது, அச்சை ஆட்டாமல் நேரே இறக்கி நேரே எடுப்பது என எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னேன். அவர் ஒரு குறையும் இல்லாமல் செய்தார். அன்று அவர் பதித்த நீலக் கடல் பசு மறுநாள் காலையில் விரலில் ஒட்டியது. அவர் கையைக் குற்றம் சொன்ன அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

பாய் விரித்து, திரும்பி வந்த அட்டைகளைப் படவாரியாகப் பிரித்து அடுக்கினோம். பெட்டி வந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை இது. கெட்டுப்போன 61 அட்டைகளிலும் நீல மை இருந்தது: கடல், ஆவுளியா, பாம்பன் பாலத்தின் அடியில் ஓடும் நீர். தப்பிய 35 அட்டைகளில் பனையும் பானையும் சங்கும் பழுப்பு மையில் மட்டுமே இருந்தன. இரண்டு வகையையும் பதித்தது அதே கை. எனவே அழுத்தம் காரணமாக இருக்க முடியாது.

அப்படியானால் ஆவணி மாதம் இதே நீலத்தில் செய்து விற்ற அட்டைகள் ஏன் கெடவில்லை? அப்போதைக்கும் இப்போதைக்கும் இடையில் மாறியவை எவை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். மூன்று மாறியிருந்தன. முதலாவது, நீல ஸ்டாம்ப் பேடு வற்றியபோது, செலவைக் குறைக்க எண்ணி, அலுவலக முத்திரைக்கான மைப்புட்டியை வாங்கி அதில் ஊற்றியிருந்தார்கள். இரண்டாவது, ஆவணியில் பயன்படுத்தியது புதுச்சேரிக் கைத்தாள். அங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கூடத்தில் 1959 முதல் கையால் தாள் செய்யப்படுகிறது. பருத்தி நாரால் ஆன அத்தகைய தாள் மையை உறிஞ்சும். மதுரைக்காரர் பளிச்சென்ற வெண்மை வேண்டும் என்றதால், இம்முறை அச்சகங்களில் புழங்கும் ஆர்ட் கார்டு வாங்கியிருந்தார்கள். மூன்றாவது, காற்று. ஆவணியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்தது. இந்த வீட்டுக்கு அது நிலத்தைக் கடந்து முதுகுப் பக்கமாக வரும் காற்று. மார்கழியிலோ வாடை நேரே கடலிலிருந்து திண்ணைமேல் ஏறுகிறது.

கருவாட்டிலிருந்து கிடைத்த துப்பு

மூன்றாவது காரணத்தை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் எல்லாம் தாமதமாகக் காயும், அவ்வளவுதான் என்று எண்ணினேன். ஐவரில் மூத்தவரான அக்கா, பல ஆண்டுகள் கருவாடு போட்டவர், திரும்பி வந்த அட்டை ஒன்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கருவாட்டப் பாருங்க சார், பகலெல்லாம் காஞ்சு கெடக்கும், வாடையில ராத்திரி வெளிய கெடந்தா கசிஞ்சிரும். இந்த அட்டையும் அப்பிடித்தான் இருக்கு.” பிறகு திண்ணையில் அடுக்கியிருந்த வெறும் ஆர்ட் கார்டு ஒன்றை எடுத்து நுனி நாக்கில் வைத்தார். “உப்பு” என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். உப்பு கரித்தது.

அவர் சொன்னதில் இந்த நிகழ்வின் பாதி விளக்கம் அடங்கியிருந்தது. அலை நுனியிலிருந்து பறக்கும் நுண்துளிகள் காற்றில் வந்து படிந்து நீர் உலர்ந்ததும், உப்பு மட்டும் தாளில் தங்குகிறது. கறியுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானும் கரைந்துவிடும். நான் கொண்டுபோயிருந்த ஈரப்பதமானி அந்தத் திண்ணையில் நண்பகலில் 70க்கும் கீழே காட்டியது. இரவு ஒன்பது மணிக்கே 85ஐத் தாண்டியது. பகலில் காய்ந்து இரவில் கசிவதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மறுபாதி மையில் இருந்தது. அலுவலக முத்திரை மை, ஸ்டாம்ப் பேடு மாதக்கணக்கில் திறந்து மூடியும் வற்றாமல் இருக்கவே செய்யப்படுவது. அதற்காக அதில் கிளிசரின் போன்ற, எளிதில் ஆவியாகாத நீர்மத்தைக் கலக்கிறார்கள். கிளிசரினும் உப்பைப் போலவே காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் காகிதத்தில் முத்திரை குத்தும்போது, இந்த மை காய்வதில்லை, தாளுக்குள் இறங்கிவிடுகிறது. நம் கண்ணுக்கு அது காய்ந்ததாகத் தோன்றுகிறது. ஆர்ட் கார்டின் முகத்திலோ வெண்களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த வழவழப்பான பூச்சு இருக்கிறது. மைக்கு உள்ளே இறங்க வழி குறைவு. ஆவியாகவும் மாட்டாமல், இறங்கவும் முடியாமல் மேலேயே நின்ற மை, இரவில் நீரை இழுத்து இளகி, பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ஈரத்தோடேயே அடைபட்டு மதுரைக்குப் பயணமானது.

சோதித்துப் பார்த்தது

இது ஊகமாக நின்றுவிடக் கூடாது என்று, கைவசமிருந்த பொருள்களைக் கொண்டே ஒரு சோதனை வைத்தோம். முன்பு பயன்படுத்திய சாய மை (சாயம் கரைந்த மை) ஒன்று, முத்திரை மை ஒன்று. தாள்களில் கைத்தாள், பூச்சில்லாத கெட்டித் தாள், ஆர்ட் கார்டு. வைக்கும் இடங்களில் கடலைப் பார்த்த திண்ணை, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு இறுக மூடிய எவர்சில்வர் சம்படம். ஆகப் பன்னிரண்டு சேர்க்கைகள், ஒவ்வொன்றிலும் மூன்று துண்டுகள். எல்லாவற்றையும் இளையவரே பதித்தார். ஒரு மணி நேரம் கழித்தும், மறுநாள் விடியலிலும், மூன்றாம் நாளும் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஒரே வீச்சில் தேய்த்து, துணியில் ஒட்டிய நிறத்தைப் பார்த்தோம்.

சாய மை கைத்தாளிலும் கெட்டித் தாளிலும் எங்கே வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் உலர்ந்தது. முத்திரை மை கைத்தாளில் துணியில் ஒட்டவில்லை என்றாலும், நார்வழியே பரவி ஓரம் மயிரிழைகளாகச் சிதறியது. ஆர்ட் கார்டில் அது மூன்றாம் நாளும், அரிசிச் சம்படத்துக்குள்ளேகூட, துணியில் தெளிவாக ஒட்டியது. திண்ணையில் வைத்ததில் விடியலில் நுண்ணிய மணிகளாகத் திரண்டு நின்றதைக் கண்ணாலேயே காண முடிந்தது.

எதிர்பாராதது ஒன்றும் தெரிந்தது. சாய மை பதித்த ஆர்ட் கார்டு சம்படத்தில் தெளிவாக இருக்க, திண்ணையில் இருந்தது விடியலில் ஓரம் மங்கியிருந்தது. தப்பியவை என்று ஒதுக்கியிருந்த 35 அட்டைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, அவற்றிலும் சிலவற்றில் அதே மங்கல் இருந்தது. புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து எடுத்த ஆர்ட் கார்டில் பதித்து அதே திண்ணையில் ஓர் இரவு வைத்தோம். மங்கல் பெரிதாக இல்லை. ஒரு வாரம் திறந்து கிடந்த தாளுக்கும் அன்று பிரித்த தாளுக்கும் இருந்த வேறுபாடு, அக்கா நாக்கில் உணர்ந்த அந்த உப்புதான்.

ஆகவே என் கணிப்பு இது: முதற்காரணம் மை; அதற்கு இடம் கொடுத்தது தாள்; இரண்டையும் இரவுதோறும் நனைத்தது உப்புக் காற்று; நடந்ததைத் திருத்த முடியாதபடி ஆக்கியது பிளாஸ்டிக் உறை. இவற்றில் எந்த ஒன்று இல்லாதிருந்தாலும் சேதம் ஓரளவு குறைந்திருக்கும். மை மட்டும் மாறாமல் இருந்திருந்தால், இந்தப் பெட்டியே திரும்பி வந்திராது.

இடையில் ஒரு சிறு பழுதும் கண்ணில் பட்டது. பழைய முறையில் ரப்பரில் வார்த்த ‘அன்புடன்’ சீல் ஒன்றின் எழுத்துகள் தடித்துப் பருத்திருந்தன. படகுக்கு வாங்கி வைத்திருந்த மண்ணெண்ணெயால் அதைத் துடைத்து வந்திருக்கிறார்கள். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி வீங்கும். சோப்புத் துளி விட்ட தண்ணீரும் பழைய பல்துலக்கியுமே அதற்குப் போதும்.

மாற்றிச் செய்தது

மதுரைக்காரரிடம் தொலைபேசியில் பேசி உண்மையைச் சொன்னோம். ஆர்ட் கார்டைக் கைவிட அவருக்கு மனமில்லை. பூச்சில்லாத கெட்டித் தாளைப் பாதிக்கு ஒப்புக்கொண்டார். 75 அட்டைகள் கெட்டித் தாளில் சாய மை. இதில் சொல்ல ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் முடிந்தது. மீதி 75 ஆர்ட் கார்டில்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

காயாத மையின் குறையையே அங்கே பயன்படுத்திக்கொண்டோம். எம்பாசிங் பவுடர் என்ற, சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தூள், ஈரமான மைமேல் மட்டுமே ஒட்டும். அதற்கு மை காயாமல் இருப்பதுதான் வேண்டும். தூளைக் கொட்டி, மிஞ்சியதைத் தாளில் தட்டி எடுத்துவிட்டுச் சூடு காட்டினால், தூள் உருகி மைமேல் கண்ணாடிபோல மூடிவிடும். அதன்பின் ஈரம் மையைத் தொடாது. முத்திரை மையில் தூள் திட்டுத் திட்டாகவே நின்றது, அந்த மை அவ்வளவு மெல்லியது. கெட்டியான நிறமி மைக்கான (கரையாத நிறத்துகள் கலந்த மைக்கான) நீல ஸ்டாம்ப் பேடு ஒன்று வாங்கியதும் அது சரியானது.

இங்கும் கடற்காற்று விடவில்லை. முதல் அட்டையில் தூள் படத்தோடு நிற்காமல், ஈரம் பாய்ந்த தாள் முழுவதும் மணல்போல ஒட்டிக்கொண்டது. சூடு காட்டியதும் வெற்றிடமெல்லாம் புள்ளி புள்ளியாக மினுங்கியது. குழந்தைக்குப் போடும் டால்கம் பவுடரைச் சிறு துணியில் முடிந்து, பதிப்பதற்கு முன் தாள்மேல் மெல்ல ஒற்றி எடுத்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. தலைமுடி உலர்த்தும் கருவியால் பயனில்லை. அதன் காற்று தூளை ஊதித் தள்ளியது, சூடும் போதவில்லை. ஹீட் கன் வாங்க நாளும் பணமும் இல்லாததால், இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து நிறுத்தி, அட்டையை இடுக்கியால் பிடித்து அதற்குச் சற்று மேலே, படம் மேல்நோக்கி இருக்க, பின்புறமாகச் சூடு காட்டினோம். தூளின் சொரசொரப்பு மறைந்து பளபளப்பு ஓடும் நொடியில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் உருகிய தூள் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறைபோலத் தட்டையாகிவிடும். முதல் ஏழு அட்டைகள் அப்படிப் போயின. அதன்பிறகு அந்த நொடியை எல்லோரையும்விட நன்றாகப் பிடித்தவர் இளையவர்தான்; எஞ்சிய அட்டைகள் எல்லாம் அவர் கையில்தான் சூடேறின.

பதிக்கும் நேரத்தைக் காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே வைத்துக்கொண்டார்கள். தாள் கட்டுகளை நெல் வைக்கும் தகரப் பெட்டிக்குள் மாற்றி, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுத்தார்கள். கண்ணாடித்தாள் உறை நின்றது. பட்டர் பேப்பர் ஒன்றை உள்ளே வைத்துக் காகித உறையிலேயே அட்டைகள் போயின. வெயிலில் உலர்த்தலாமே என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒருமுறை முயன்றோம். ஒரு முகம் மட்டும் உலர்ந்து அட்டை ஓலைச் சுருளாக வளைந்தது, கைவிட்டோம்.

150 அட்டைகளும் மார்கழி இருபத்தோராம் நாள் அஞ்சலில் சேர்ந்தன. ஒன்றும் திரும்பவில்லை. தீராமல் நிற்பது ஒன்று உண்டு. சாய மை கைத்தாளில் காற்றின் ஈரத்தைத் தாங்கினாலும் வெயிலைத் தாங்காது. இராமேசுவரத்தில் வெயில் படும் முகப்பில் தொங்கவிட்ட கைத்தாள் அட்டைகளின் நிறம் ஏற்கெனவே வெளிறத் தொடங்கிவிட்டது. கைத்தாளிலும் நிறமி மையும் தூளும் போடலாம். ஆனால் அதன் மேடுபள்ளத்தில் மெல்லிய கோடு அறுந்து அறுந்து பதிகிறது. அதற்கேற்பக் கோட்டைத் தடிப்பாக்கிப் பனையும் சங்கும் மறுபடி செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சோதனைக்காகத் திண்ணை உத்தரத்தில் செருகிய முத்திரை மைத் துண்டு ஒன்றை எடுக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். மாசி பிறந்த அன்று போனபோது வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன். நீலம் இன்னும் ஒட்டியது.